விளக்கு வைத்ததும் சிவந்த கல்

ஷெய்கு பதுருத்தீனின் சீடர்களில் அவரைவிட இருபது வயது மூத்தவர் ஒருவர் இருந்தார். உவைசு மரைக்காயர் என்று பெயர். ரத்தின வியாபாரி. கப்பலேறி இலங்கை இரத்தினபுரிக்குப் போய்க் கல் வாங்கி வந்து, பட்டை தீட்டி, பம்பாய் வரைக்கும் அனுப்பியவர்.

பழைய ஷெய்கு காலமானபோது அவருடைய இடத்துக்குப் பதுருத்தீன் வந்தார். நேற்றுவரை ஷெய்குகளின் மடமான தைக்காவில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர் அவர். அவருடைய கையைப் பிடித்து முத்தமிட ஊர்ப் பெரியவர்கள் தயங்கினார்கள். முதலில் எழுந்து போய் முத்தமிட்டவர் மரைக்காயர்தான்.

அந்த ஐப்பசி மழையில் மரைக்காயரின் ஒரே மகள் ருக்கையா காய்ச்சலில் இறந்துபோனாள். அதன்பிறகு அவர் தைக்காவுக்கு வரவில்லை. வியாழக்கிழமை ஓதலுக்கும் வரவில்லை. ஷெய்கு ஆள் அனுப்பவுமில்லை.

தை மாதத்தில் ஒரு பகல் அவர் வந்தார். ஊருக்கு வெளியே, உப்பளத்தை ஒட்டி இருந்தது தைக்கா. ஷெய்கு முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்து அவித்த பனங்கிழங்கை நார் உரித்துக்கொண்டிருந்தார். மரைக்காயர் எதிரே உட்கார்ந்து மடியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துப் பாயில் வைத்தார்.

"இதைக் கடலில் போட வேண்டும். இரண்டு முறை போனேன். என் கையால் முடியவில்லை. நீங்கள் போட்டுவிடுங்கள்."

ஷெய்கு கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு மோதிரம். புளியங்கொட்டை அளவில் ஒரே ஒரு கல். வெயிலில் அது வெற்றிலைக் கொழுந்தின் பச்சையாக இருந்தது. பச்சைக்குள் எங்கோ ஆழத்தில் கொஞ்சம் நீலமும் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழகாக இருக்கிறது" என்றார். மூடி வைத்துவிட்டு, மாலைத் தொழுகை வரைக்கும் இருக்கச் சொன்னார்.

மரைக்காயர் இருந்தார். தொழுகை முடிந்ததும் ஷெய்கு உள்ளே போய் எண்ணெய் விளக்கை ஏற்றிக்கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். கல் மாதுளை முத்தைப்போலச் சிவந்திருந்தது. பகலில் பார்த்த பச்சை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது" என்றார் ஷெய்கு.

மரைக்காயர் கல்லைச் சுட்டிக் காட்டினார்.

"என் மகளைக் கொன்றது இதுதான்."

"காய்ச்சல் என்று சொன்னார்களே."

"காய்ச்சல் ஐப்பசியில் வந்தது. இது வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது."

ஷெய்கு விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, சொல்லுங்கள் என்றார்.

மரைக்காயர் சொன்னது இது.

அந்தக் கல்லை அவர் ஒரு சிங்கள முதலாளியிடம் வாங்கினார். வைடூரியத்தின் சாதிதான், ஆனால் ஆயிரத்தில் ஒன்றுகூட இப்படி அமையாது. வெள்ளைக்காரர்கள் தங்கள் பேச்சில் அலெக்ஸாண்ட்ரைட் என்பார்கள். பகல் வெளிச்சத்தில் பச்சை, விளக்கு வெளிச்சத்தில் சிவப்பு. கல்லில் யாரும் எதையும் செய்வதில்லை. அதன் பிறவியே அப்படி. முதலாளி ஜன்னலைச் சாத்தி ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தியபோது, அத்தனை வருடம் கல்லோடு புழங்கிய மரைக்காயர் சின்னப் பிள்ளையைப்போல வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். இன்னொரு தரம் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். இன்னொரு தரம் சாத்தச் சொன்னார்.

அதை விற்க அவருக்கு மனம் வரவில்லை. ருக்கையாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த சமயம். ஆசாரியிடம் கொடுத்து மாலையின் நடுவே பதக்கமாகக் கட்டினார். கல்லைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று, மாலை விளக்கு ஏற்றும் நேரத்தில், சபை நிறைய ஆட்கள் இருக்கும்போது அது மகளின் கழுத்தில் நிறம் மாற வேண்டும். எல்லோரும் அதைப் பார்க்க வேண்டும். மகளும் அப்போதுதான் பார்க்க வேண்டும். கப்பலில் வரும்போதே அவர் இதையெல்லாம் நினைத்து வைத்திருந்தார்.

மாப்பிள்ளை சாலிஹு. வேறு ஊர். தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்யும் குடும்பம். நல்ல மனிதர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையின் உம்மா ஹாஜராவும் உறவுப் பெண்களும் நகை பார்க்க வந்தார்கள். ஹாஜரா உம்மா பதக்கத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, தாங்கள் வாங்கி வந்த பச்சைப் பட்டுக்கு இது பொருந்தும் என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அதைக் கேட்டு மரைக்காயர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

மாலை வந்தது. பெண்கள் உட்காரும் உள் கூடத்தில் ருக்கையாவை அலங்கரித்து உட்கார்த்தியிருந்தார்கள். நிக்காஹ் இன்னும் ஆகவில்லை. மரைக்காயர் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். சரவிளக்கு முழுவதும் மெழுகுவத்தி ஏற்றச் சொன்னார். ஜன்னலைச் சாத்தச் சொன்னது பிறகு அவருக்கு எதிராகவே பேசப்பட்டது. தாமே ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு மகளிடம் போய் அவள் கழுத்துக்கு நேராகப் பிடித்தார்.

கல் சிவந்தது.

ருக்கையா கையை வாயில் வைத்துக்கொண்டாள். மரைக்காயர் வாய்விட்டுச் சிரித்தார். ஆண்கள் இருந்த முன்பகுதி வரைக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது. ருக்கையாவின் கண்கள் அப்படி விரிந்தன.

அப்போது ஹாஜரா உம்மா எழுந்து நின்றார்.

"காலையில் நான் கையில் வைத்துப் பார்த்தது பச்சைக் கல்."

"அதேதான் இது" என்றார் மரைக்காயர். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. கெட்ட மனதுக்காரி அல்ல அவர். காலையில் பச்சையைப் பார்த்தார், மாலையில் சிவப்பைப் பார்க்கிறார். கல் மாற்றுவதே தொழிலாக இருக்கும் வீட்டில் சம்பந்தம் வைக்கிறோம் என்று ஏற்கெனவே நாலு பேர் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பெண்களிடையே பேச்சு பரவியது. முன்பகுதிக்கும் போனது. மரைக்காயர் கல்லின் குணத்தை எடுத்துச் சொன்னார். யாரும் கேட்பதாக இல்லை. கல்யாணத்துக்கு வந்திருந்த மற்ற ரத்தின வியாபாரிகள் இரண்டு பேர், இப்படியொரு கல் உண்டு என்று சாட்சி சொன்னார்கள். வியாபாரிக்கு வியாபாரி சாட்சியா என்று பதில் வந்தது.

விடியட்டும், வெளிச்சத்தில் காட்டுகிறேன் என்றார் அவர்.

"விடிவதற்குள் பழைய கல்லைத் திரும்ப வைத்துவிட்டால்?" என்று மாப்பிள்ளையின் பெரிய வாப்பா கேட்டார்.

அவர் கேட்டதும் நியாயம்தான். மரைக்காயர் உள்ளே போய் மகளின் கழுத்திலிருந்து தாமே மாலையைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். இதை நீங்களே வைத்திருங்கள், விடிந்ததும் நீங்களே பாருங்கள் என்றார். அவர்கள் அதை வாங்கிக்கொண்டு தங்கியிருந்த வீட்டுக்குப் போனார்கள். சாலிஹு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே ஒரு தரம் பார்த்தான். பிறகு அவனும் போய்விட்டான். சமைத்த நெய்ச்சோறு முழுவதையும் பள்ளிவாசல் தெருவில் ஏழைகளுக்குக் கொடுத்தார்கள்.

காலையில் பெரிய வாப்பாவே வந்தார். தலைப்பாகைகூட இல்லாமல் வந்தார். மாலையை மரைக்காயரின் கையில் வைத்துவிட்டு அழுதார். பின்னாலேயே சாலிஹு வந்தான். ஹாஜரா உம்மா வந்தார். தவறாக நினைத்துவிட்டோம் என்று எல்லோரும் சொன்னார்கள். மரைக்காயரும் அழுதார். எல்லோரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். நிக்காஹ் வைக்க ஆலிமுக்கு ஆள் அனுப்பிவிட்டு மரைக்காயர் மகளிடம் போனார்.

ருக்கையா முடியாது என்றாள்.

அவர் கெஞ்சினார். அவர்கள்தான் தெரிந்துகொண்டார்களே, மன்னிப்பும் கேட்டுவிட்டார்களே என்றார். அவள் சொன்னது அவருக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"நேற்று இரவு முழுவதும் அவர்கள் உங்களைத் திருடர் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள், வாப்பா. அவரும்தான் அப்படி நினைத்துக்கொண்டு தூங்கியிருப்பார். அவரோடு நான் எப்படிக் குடும்பம் நடத்துவேன்? அவர்களுக்குச் சாப்பாடு போட்டு மரியாதையாக அனுப்பிவையுங்கள்."

அதோடு முடிந்தது. பிறகும் சம்பந்தங்கள் வந்தன. வந்தவர்களெல்லாம் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கல்லைப் பகலில் ஒரு தரமும் விளக்கில் ஒரு தரமும் பார்க்க ஆசைப்பட்டார்கள். ருக்கையா எல்லாரையும் வேண்டாம் என்றாள். வீட்டிலேயே சிறு பெண்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தாள்.

கல்லை விற்றுவிடலாம் என்று அவர் சொன்னார். அவள் விடவில்லை. ஆசாரியை வரவழைத்து மாலையிலிருந்து கல்லைப் பிரித்து மோதிரமாகக் கட்டச் சொல்லி, அன்று முதல் அதைக் கையில் போட்டுக்கொண்டாள். எத்தனையோ பேர் வந்து கேட்டார்கள். பம்பாயிலிருந்து ஒருவர் வந்து, இந்த ஒரு கல்லை வைத்து ஒரு மகாராணிக்கு நெற்றிச்சுட்டி செய்யப் போவதாகச் சொல்லி மூன்று நாள் தங்கிப் பார்த்தார். பட்டு உடுத்திய பெண்கள் கல்யாண வீடுகளில் அவள் கையைப் பிடித்து விளக்கடிக்கு இழுத்துப் போனார்கள். மாலை நேரத்தில் ஓத வரும் சிறுமிகள் அவளைச் சுற்றி நின்று, அக்காவைக் கூப்பிடுவதுபோல, லாத்தா, லாத்தா, ஒரு தரம் மாற்றுங்கள் என்பார்கள். அவள் வாசலில் வெளிச்சத்தில் கையை நீட்டிவிட்டு, உள்ளே விளக்கடிக்கு ஓடி வருவாள். சிறுமிகளும் பின்னால் ஓடி வருவார்கள்.

மரைக்காயர் கடையிலிருந்து திரும்பும் நேரம் அது. தினமும் அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவார்.

"எனக்குத் தண்டனையாகத்தான் அவள் அதைப் போட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைத்தேன்" என்றார் அவர். "வாயால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கையில் மட்டும் அது இருக்கும். எனக்குச் சோறு போடும்போது அந்தக் கைதான் போடும்."

ருக்கையா இறந்தபிறகு உடலைக் குளிப்பாட்டியபோது மரைக்காயரின் தங்கை சபியா மோதிரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள்.

மரைக்காயர் நிறுத்தினார். விளக்கில் எண்ணெய் குறைந்திருந்தது. ஷெய்கு எழுந்து எண்ணெய் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்" என்றார் மரைக்காயர். "காலையில் அந்த அம்மா ஜன்னலோரம் நின்றபோது, இது மாலையில் சிவக்கும் என்று சொல்லியிருந்தால் போதும். என் மகளுக்குப் புருஷன் இருந்திருப்பான். பிள்ளைகள் இருந்திருக்கும். நான் ஒரு வேடிக்கைக்காக எல்லாவற்றையும் கெடுத்தேன். அவள் என்னை மன்னித்தாளா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்."

கல்யாணத்துக்கு முன்னால் நகை யாரிடம் இருந்தது என்று ஷெய்கு கேட்டார்.

மகளிடம்தான் இருந்தது என்றார் மரைக்காயர். ஆசாரி செய்து கொடுத்த நாளிலிருந்து, ஒரு மாதம் போல.

"ஒரு மாதத்தில் ஒரு மாலைப்பொழுதுகூட அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லையா?"

"பகலில் மட்டும் பார்க்கலாம், விளக்கு வைத்தபிறகு பெட்டியைத் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன். ஏன் என்று கேட்டாள். விளக்குச் சூடு கல்லுக்கு ஆகாது என்றேன்."

ஷெய்கு கேட்டார்:

"மரைக்காயர், உங்கள் மகள் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையா?"

மரைக்காயருக்கு இத்தனை துக்கத்திலும் லேசாகச் சிரிப்பு வந்தது.

"அவளா? சின்ன வயதிலிருந்தே எதைச் செய்யாதே என்றாலும் முதலில் அதைத்தான்..."

அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. ஷெய்கு பெட்டியை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"இதை இன்றைக்கு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். கடல் எங்கேயும் போய்விடாது."

மறுநாள் காலையில் மரைக்காயர் தங்கையைத் தேடிப் போனார். சபியா சிறு வயதிலேயே விதவையாகி அண்ணன் வீட்டுக்கு வந்தவள். தாயில்லாத ருக்கையாவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். கடைசிவரை இருவரும் ஒரே அறையில்தான் படுத்தார்கள். அவள் அடுக்களையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. கல் மாறும் என்பது ருக்கையாவுக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டார்.

சபியாவின் கை நின்றது.

"யார் சொன்னது, காக்கா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"யாரும் சொல்லவில்லை. நீ சொல்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன் என்றாள். அவளே போய்விட்ட பிறகு எதற்குச் சத்தியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

நகை வீட்டுக்கு வந்த அன்றைக்கே ருக்கையா விளக்கு வைத்தபிறகு பெட்டியைத் திறந்துவிட்டாள். வாப்பா திறக்காதே என்று சொன்னதற்காகவே திறந்தாள். கல்லைப் பார்த்ததும் முதலில் பயந்தாள். மூடினாள், திறந்தாள். விளக்கைத் தள்ளிப் பார்த்தாள், கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். அப்புறம்தான் வாப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்பது இருவருக்கும் புரிந்தது. சபியா அண்ணனிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். ருக்கையா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வேண்டாம், மாமி. கல்யாணத்தன்றைக்கு எனக்குக் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறார். எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் மனிதர் ஒடிந்துபோவார்."

பிறகு அந்த மாதம் முழுவதும் அவள் கண்ணாடி முன்னால் நின்று ஆச்சரியப்படப் பழகினாளாம். கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். எது நன்றாக இருக்கிறது என்று மாமியிடம் கேட்டாள். வாயில் வைத்தால் நன்றாக இருக்கிறது என்று சபியா சொன்னாள். இருவரும் சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

கல்யாணத்தன்று மாலை அந்த அம்மா எழுந்து நின்று பேசியபோது, நீ முன்னாலேயே பார்த்ததைச் சொல் என்று சபியா அவள் தொடையில் கிள்ளினாள். ருக்கையா தலையை அசைத்தாள். நான் சொன்னால் மகளும் கூட்டு என்றுதான் சொல்வார்கள் என்று பிறகு விளக்கினாள்.

"சரி, அவர்களிடம் சொல்ல வேண்டாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்றார் மரைக்காயர். "பன்னிரண்டு வருடம்."

"நானும் எத்தனையோ தரம் கேட்டேன், காக்கா. 'அன்றைக்கு வாப்பாவுக்குக் கிடைத்தது அந்த ஒரு சந்தோஷம்தான், மாமி. அதையும் பிடுங்கச் சொல்கிறீர்களா' என்பாள்."

சபியா மறுபடி கீரையைக் கையில் எடுத்தாள். உருவ முடியாமல் கீழே வைத்துவிட்டாள்.

மரைக்காயர் அங்கிருந்து நேராகத் தைக்காவுக்கு நடந்தார். வெயில் ஏறியிருந்தது. உப்பளத்தில் வேலை செய்தவர்கள் அவருக்கு ஸலாம் சொன்னார்கள். அவர் காதில் விழவில்லை.

ஷெய்கு கிணற்றடியில் தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவர் இன்னும் யாரிடமும் விட்டிருக்கவில்லை. மரைக்காயரின் நடையைப் பார்த்து வாளியைக் கீழே வைத்தார். ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். மரைக்காயர் அதைக் குடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவளுக்குத் தெரிந்திருக்கிறது" என்றார்.

சபியா சொன்ன எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அழவில்லை. கடைசியில் கண்ணாடியைப் பற்றிச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"நேற்று உங்களிடம் வரும்போது எனக்கு ஒன்றாவது மிச்சம் இருந்தது, நாயகமே. அந்தப் பாழாய்ப்போன சாயங்காலத்தில் ஒரு நிமிடம். நான் விளக்கைப் பிடித்ததும் அவள் முகத்தில் பார்த்தேனே, அது. எல்லாம் கெட்டதற்கு முந்திய நிமிடம். கடையில் தனியாக இருக்கும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொள்வேன். எது போனாலும் என் மகளை ஒரு தரம் ஆச்சரியப்பட வைத்தேன் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அதுவும் இல்லை. அது அவள் கண்ணாடி முன்னால் பழகியது. எனக்காக நடித்தது."

ஷெய்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாளியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த நிமிடத்தில் அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்?" என்று கேட்டார்.

"கல்லைத்தான்."

"கல் அவள் கழுத்தில் அல்லவா இருந்தது?"

மரைக்காயர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் மூடியபடியே இருந்தார்.

"அவள் குனியவில்லை" என்றார் மெல்ல. "கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கழுத்தைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. அவள் என்னைத்தான் பார்த்தாள்."

"நீங்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"சிரித்துக்கொண்டிருந்தேன்."

"அவளுடைய உம்மா இறந்தபோது அவளுக்கு என்ன வயது இருக்கும்?"

"மூன்று வயது. உம்மாவின் முகம்கூட அவளுக்கு நினைவில்லை."

"உங்கள் மனைவி போனபிறகு, அந்தச் சாயங்காலத்துக்கு முன்னால், நீங்கள் வாய்விட்டுச் சிரித்திருக்கிறீர்களா?"

மரைக்காயர் யோசித்தார். சொல்வதற்கு ஏதாவது ஒன்று இருக்கும் என்று தேடுபவரைப்போல யோசித்தார். உப்பளத்திலிருந்து காற்று வந்தது. அவர் கையிலிருந்த செம்பில் தண்ணீர் ஆடியது.

"இல்லை" என்றார்.

ஷெய்கு எழுந்து வாளியை எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கினார். கயிறு முழுவதும் உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"கல் சிவக்கும் என்பது அவளுக்குத் தெரியும், மரைக்காயர். நீங்கள் வாய்விட்டுச் சிரிப்பதை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்."